என் கணவரின் வாயைக் காத்த தேவன்

சபையாரே, என் கணவருக்கு நம்முடைய கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று இந்த ஊரில் பேசி முடித்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். தென்காசி ஆஸ்பத்திரியில் ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்தார். தலை மட்டும் வெளியே தெரிந்தது. அவரால் மூச்சு விட முடியவில்லை. பெட்டிதான் அவருக்காக மூச்சை வாங்கி வாங்கி விட்டுக்கொண்டிருந்தது. அவர் தலைமாட்டில் நின்றபடிதான் நான் உங்கள் முடிவைக் கேட்டேன்.

அன்று அந்த முடிவைச் சரி என்று சொன்னவர்களில் சிலர் இப்போதும் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். இத்தனை வருஷமாக நான் இந்த இடத்தில் ஏறி நின்றதில்லை. போன வாரம் போதகர் ஐயா வீட்டுக்கு வந்து, "நீ ஒரு நாளாவது சாட்சி சொல்லணும் பாக்கியம்" என்றார். "கோபத்த மறைச்சுச் சொல்ல எனக்கு வராதே ஐயா" என்றேன். "மறைக்காமச் சொல்லு" என்றார். அதனால் சொல்லுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. என் கணவர் ஞானமுத்துவும் அவர் அண்ணன் ஆசீர்வாதமும் சுரண்டை ரோட்டுப் பக்கம் ஒரே கிணற்றுப் பாய்ச்சலில் வெங்காயமும் மிளகாயும் போட்டுவந்தார்கள். மாமனார் இறந்த பிறகு நிலம் முழுவதும் அண்ணன் கைக்குள் இருந்தது. என் கணவர் வேலைக்காரனைப் போல உழைத்தார். பாகம் பிரித்துத் தரச் சொல்லி அவர் கேட்டதிலிருந்து வீட்டில் சமாதானம் இல்லை. ஆசீர்வாதம் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியும். கோயிலில் முன்வரிசையில் உட்காருவார். வேதபாடம் வாசிப்பார். அவர் உருகி ஜெபித்தால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் ஒரு காலத்தில் துடைத்துக்கொண்டவள்தான்.

ஆனி மாதம், சாரல் தொடங்கியிருந்தது. "வாலே தம்பி, பேசி முடிச்சிருவோம்" என்று அண்ணன் ஆள் அனுப்பினார். என் கணவர் சந்தோஷமாகப் போனார். திரும்பி வருகிற வழியில் எங்கள் கிணற்றுமேட்டில் விழுந்துவிட்டார். களை எடுத்துக்கொண்டிருந்த நான் ஓடினேன். வாயிலும் மூக்கிலும் நுரை. உடம்பெல்லாம் வேர்வை. கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தது. மிளகாய்க்கு அடிக்கிற பூச்சிமருந்தின் வாடை அவர் மூச்சில் வந்தது. ஆள் கூப்பிட நான் மேட்டை விட்டு இறங்கி ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் தலைமாட்டில் ஒரு காலிக் குப்பி கிடந்தது. நான் முதலில் பார்த்தபோது அந்தக் குப்பி அங்கே இல்லை. குப்பிக்குப் பக்கத்தில் ஆசீர்வாதம் மண்டியிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார்.

"இப்படி மருந்தக் குடிச்சிட்டியேலே தம்பி. பாகந்தான வேணும்னு கேட்ட, நான் தரமாட்டேன்னா சொன்னேன்?"

அங்கே கூடியவர்கள் முதலில் கேட்டது அந்தச் சொல்லைத்தான். அதற்குப் பிறகு நான் சொன்னது எதுவும் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

செங்கோட்டைக்கு வெங்காயம் ஏற்றிப் போன லாரியில் மூட்டை மேல் அவரைக் கிடத்திக் கொண்டுபோனோம். ரோடெல்லாம் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வண்டிகள். தலை ஈரமாக, சிரித்துக்கொண்டு திரும்புகிற ஜனங்கள். அவர்களையும் நான் வெறுத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அவர் மூச்சு நின்றுபோனது. டாக்டரும் நர்சுகளும் ரப்பர் பையை அழுத்தி அழுத்திக் காற்றை உள்ளே தள்ளினார்கள். இளம்பிள்ளை வாதம் வந்த பிள்ளைகளுக்காக அங்கே அந்தப் பெட்டி இருந்தது. அதற்குள் அவரைப் படுக்கவைத்துக் கழுத்தைச் சுற்றி ரப்பர் பட்டையைப் பொருத்தினார்கள். மோட்டார் ஓடியது. துருத்தி இழுத்தது. என் கணவரின் நெஞ்சு ஏறி இறங்கியது.

டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். "விஷத்துக்கு ஊசி போட்டிருக்கோம். மூச்சப் பெட்டி பாத்துக்கிடும். ஆனா இவரால எச்சில விழுங்க முடியாது. இரும முடியாது. வாயில சேருததெல்லாம் நெஞ்சுக்குள்ள இறங்கும். அப்படி இறங்கி நிமோனியா வந்துட்டுன்னா இந்தப் பெட்டியால ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

வார்டு சிஸ்டரின் பெயர் சாராம்மா. மலைக்கு அந்தப் பக்கம், புனலூர்க்காரி. தமிழில் மலையாளம் கலந்து பேசுவாள். யாருக்கும் இடம் கொடுக்காத முகம். அன்று வார்டில் காய்ச்சல்காரர்கள் நிறைந்து கிடந்தார்கள். நர்சுகளுக்கு நிற்க நேரமில்லை. சிஸ்டர் என் கையைப் பிடித்துச் சோப்புப் போட்டுக் கழுவவைத்தாள்.

"வாயில கிடக்குற அழுக்குத்தான் மோளே, நெஞ்சுல போயி நிமோனியா ஆகுது. இந்த வாயை நீ பார்த்துக்கோ. நான் காட்டித் தரேன்."

காட்டித் தந்தாள். முதலில் தலையை ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். கன்னத்துக்குள் தேங்கிய எச்சிலை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு உப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் துணியை நனைத்து, சொட்டு வடியாமல் பிழிந்து, பல்லின் வெளிப்பக்கம், உள்பக்கம், ஈறு, அண்ணம், நாக்கு என்று ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். தொண்டையைத் தொட்டுவிடக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாது. கடைசியில் உதட்டுக்குக் கிளிசரின். முடித்துக் கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தொடங்க வேண்டும். முதலில் வாய் முழுக்க நுரையாக இருந்தது. ஊசி மருந்து ஏறியதும் வறண்டு, நாக்கில் பொருக்குத் தட்டியது. அந்தப் பொருக்கை ஊறவைத்து ஊறவைத்து எடுத்தேன். பெட்டி நிற்காததுபோல என் கையும் நிற்கவில்லை.

அப்படி நிற்கும்போதுதான் நம் சபை உபதேசியார் வந்தார். முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு பேசினார். "சபையில பேசியாச்சும்மா. தானாக் குடிச்சவனுக்குக் கல்லறைத் தோட்டத்துல இடம் குடுக்க வழியில்ல. அண்ணாச்சிதான் அழுதாரு, தம்பி பாவத்த ஆண்டவர் மன்னிக்கணும்னு எல்லாரு முன்னாலயும் ஜெபிச்சாரு. கோயிலே அழுதுட்டு."

என் கையில் துணி இருந்தது. அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கியது. இவர் இப்படியே கண்மூடினால், தானாகச் செத்தவர் என்ற பெயர் நிற்கும். புருஷனைச் சாகடித்தவள் என்ற பெயர் எனக்கு நிற்கும். கொன்றவன் முன்வரிசையில் உட்கார்ந்து இன்னும் உருக்கமாக ஜெபிப்பான். அதுவரை, "ஆண்டவரே, இவரைக் காப்பாற்றும்" என்று எல்லா மனைவிகளையும்போல அழுதுகொண்டிருந்தவள், அன்றோடு அழுகையை நிறுத்தினேன்.

என் ஜெபம் மாறிப்போனது. "ஆண்டவரே, இந்த வாய் பேச வேண்டும். அவன் பெயரை இது சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகு இவரை எடுத்துக்கொள்வதென்றாலும் எடுத்துக்கொள்ளும்." இப்படித்தான் ஜெபித்தேன். ஒவ்வொரு பல்லாகத் துடைக்கும்போதும் ஆசீர்வாதத்தின் பெயரைச் சொன்னேன். அவன் கையில் விலங்கு ஏற வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். எனக்குத் தூக்கம் வராமல் பார்த்துக்கொண்டதும், என் இடுப்பு ஒடியாமல் வைத்ததும் அந்தப் பகைதான். அன்பினால் அத்தனை நேரம் நின்றிருப்பேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சாராம்மா சிஸ்டர் ஒருநாள் என் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் கவனித்தாள். என் உதடு அசைவதைப் பார்த்திருப்பாள்.

"ஜெபம்தானா, சாபமா?" என்றாள்.

"ரெண்டும்தான் சிஸ்டர்."

"யாரை வேணும்னாலும் பகைச்சுக்கோ. கை மட்டும் மெதுவா இருக்கணும், கேட்டோ. ஈறுல ரத்தம் வரக் கூடாது."

அதற்குப் பிறகு என் கையை மெதுவாக வைக்கப் பழகிக்கொண்டேன். மனதை அவள் கேட்கவில்லை, நானும் மாற்றவில்லை.

காற்று பலமாக அடித்த ஒரு பகலில் கரண்ட் போனது. பெட்டி நின்றது. பின்பக்கத்தில் இருந்த கைப்பிடியை ஆட்கள் மாறி மாறி இழுக்க வேண்டும். நம் சபையிலிருந்து ஒருவரும் இல்லை. பக்கத்துத் தெருவில் தறி நெய்கிற முஸ்லிம் ஆட்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கரண்ட் வரும்வரை விடாமல் இழுத்தார்கள். கர்த்தர் யாரை அனுப்பினார், யாரை அனுப்பவில்லை என்பதை நான் மறக்கவில்லை.

ஆசீர்வாதம் வந்தது அதற்கு அடுத்த நாள். வெள்ளை வேட்டி. கையில் சீவிய இளநீர். கூட நம் ஊர்க்காரர்கள் சிலர். வார்டு வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி நாக்கு வறண்டு கிடக்கானே. பாவி மட்டை, ஒரு மடக்கு ஊத்தாம வச்சிருக்காளே" என்று இளநீரோடு தலைமாட்டுக்கு வந்தார்.

"ஊத்தக் கூடாது. தொண்டை வேலை செய்யல" என்றேன்.

"ஏ பாக்கியம், எளநிதான? குளுமை. சாகுத நேரத்துல தொண்டைய நனைச்சு அனுப்பணும்மா."

கூட வந்தவர்கள், "அண்ணாச்சி சொல்லுததும் சரிதான, ஒரு மடக்கு குடுப்பமே" என்றார்கள். டாக்டர் சொல்லியிருந்தபடி நர்சு ஒருத்தி மூலையில் நின்று, "வேண்டாம்" என்று சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஆசீர்வாதம் குனிந்தார். அந்த இளநீர் நெஞ்சுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் அறியேன். தெரிந்துதான் செய்தார் என்று இன்றும் நம்புகிறேன்.

என் கணவரின் வாயின் மேல் என் உள்ளங்கையை வைத்து மூடினேன். இளநீர் என் புறங்கையில் விழுந்து தரையில் வழிந்தது. நான் ஆசீர்வாதத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "பெரியத்தான், நீரு குடுத்தத இவுக ஒரு தடவ குடிச்சாச்சு. அது போதும்."

அவர் முகம் வெளுத்ததைக் கூட வந்தவர்களும் பார்த்தார்கள். பார்த்தும் அவரோடு சேர்ந்துதான் இறங்கிப் போனார்கள்.

அதற்குப் பிறகு எனக்குள் பயம் பிடித்தது. அவர் உடம்பு சுட ஆரம்பித்தது. சிஸ்டர் பெட்டியின் பக்கத் துவாரத்தில் கையை விட்டுக் குழலை நெஞ்சில் வைத்துக் கேட்டாள். ஒரு பக்கம் மட்டும் நெறுநெறுவென்று சத்தம் இருக்கிறது என்றாள். பெட்டியின் கால்மாட்டை உயர்த்தினார்கள். பென்சிலின் போட்டார்கள். நான் துணியை எடுத்தேன். "ஆண்டவரே, உமக்கு நியாயம் என்று ஒன்று இருந்தால் இவரை இப்போது எடுக்கக் கூடாது" என்று சண்டை போட்டேன். அவர் என்னைத் தண்டிக்கவில்லை. காய்ச்சல் இறங்கியது. நெஞ்சுச் சத்தம் அடங்கியது. "வாய் சுத்தமா இருந்தது, அதான் லேசாப் போச்சு" என்று டாக்டர் சொன்னார்.

ஒரு காலையில் நான் நாக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அந்த நாக்கு என் விரலைத் தள்ளியது.

மறுபடி வைத்தேன். மறுபடி தள்ளியது. பிறகு விழுங்கினார். தொண்டை எலும்பு ஏறி இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன். பெட்டி காற்றை வெளியே விடுகிற நேரத்தில் மட்டும்தான் அவருக்குக் குரல் வந்தது. இரண்டு சொல், பிறகு பெட்டி உள்ளே இழுக்கும். நான் அவர் உதட்டருகே காதை வைத்தேன்.

"பாக்கியம்," என்றார். பெட்டி இழுத்தது. "நான் குடிக்கல."

"தெரியும்."

"எல்லாம்... கேட்டுச்சு." பெட்டி இழுத்தது. "உபதேசியார் சொன்னது... அண்ணன் வந்தது..." பெட்டி இழுத்தது. "எளநி."

கண்ணைத் திறக்க முடியாமல், விரலை அசைக்க முடியாமல், தன்னைக் குழிக்குள் தள்ளுகிற பேச்சு முழுவதையும் அவர் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார் சபையாரே. நீங்கள் பேசிய பேச்சைத்தான்.

டாக்டர் போலீசுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் ஆள் அனுப்பினார். அவர்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, பெட்டி விட்ட மூச்சில் என் கணவர் சொன்னார். அண்ணன் வீட்டில் காப்பி கொடுத்தது. கசக்கிறது என்று வைத்தபோது, சுக்கு கூடிவிட்டது, குடி என்று வற்புறுத்தியது. வழியில் கண் மங்கியபோது அண்ணன் பின்னாலேயே வந்தது. யார் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். பெட்டி இழுத்து முடிக்கக் காத்திருந்து, "ஆசீர்வாதம், கூடப் பொறந்தவன்" என்றார். நான் துடைத்து வைத்த வாய் அந்தப் பெயரைத் தெளிவாகச் சொன்னது.

சுரண்டை பஜாரில் வைத்துக் கைது செய்தார்கள். நான் அதற்கென்றே பஸ் ஏறிப் போய் நின்று பார்த்தேன். வெள்ளை வேட்டி, விலங்கு, கூட்டம். நான் கேட்டபடியே இருந்தது. வழக்கு நடந்தது. அவர் மனைவி செல்லக்கனி கூண்டில் ஏறி, காப்பியைத் தானே போட்டதாகவும் அதில் ஒன்றும் இல்லை என்றும் பொய் சொன்னாள். ஆனாலும் ஜெயில் கிடைத்தது. தீர்ப்பு வந்த அன்று வயிறாரச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அந்த ஸ்தோத்திரத்தை நான் இன்றும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

என் கணவர் பெட்டியை விட்டு எழுந்து, தடி ஊன்றி நடந்து, பிறகு தடியில்லாமல் நடந்தார். எங்கள் பாகம் எங்களுக்கு வந்தது. சாராம்மா சிஸ்டர் என்னை விடவில்லை. "இந்தக் கை வீட்டில இருக்க வேண்டாம்" என்று வார்டில் ஆயா வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். பெட்டியில் கிடப்பவர்கள், நினைவில்லாதவர்கள், வாதம் வந்தவர்கள் எல்லாருடைய வாயையும் பார்த்துக்கொள்வது என் வேலை ஆனது.

சில வருஷம் கழித்து, அறுபதுகளின் நடுவில், சாரல் காலத்திலேயே ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இளம்பிள்ளை வாதம். கால் போய், கை போய், மூச்சும் திணறியது. பெட்டியில் வைத்தார்கள். நான் வெந்நீர்ச் சட்டியோடு போனேன். பக்கத்தில் செல்லக்கனி நின்றாள். பெட்டியில் கிடந்தது அவளுடைய கடைசிப் பிள்ளை லில்லி.

அப்போது என் மனதில் வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் கேட்டதற்கு மேலேயும் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். ஊரிலும் அப்படித்தான் பேசினார்கள். "பாக்கியம் ஜெபம் பலிச்சிட்டு" என்று என்னிடமே வந்து சொன்னவர்களும் உண்டு. ஒரு நிமிஷம் அது எனக்கு இனித்தது.

சிஸ்டர் விஷயத்தை அறிந்திருந்தாள். "வேண்டாம்னா சொல்லு. வேற ஆளைப் போடுறேன்" என்றாள்.

செல்லக்கனி என் காலில் விழப்போனாள். "பாக்கியம், நான் பொய் சொன்னேன். என்னைய என்ன வேணாலும் செய்யி. பிள்ளை ஒனக்கு என்ன செஞ்சா?"

"வெளிய நில்லும்" என்றேன். "இங்கன நின்னா எனக்குக் கை நடுங்கும்."

அவள் போனாள். நான் கையைக் கழுவினேன். பிள்ளையின் தலையைத் திருப்பி வாயைத் திறந்தேன். முன்பல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தது. என் வீட்டுக்காரருக்கும் அதே பல்தான். எச்சில் கன்னத்துக்குள் தேங்கி நின்றது. அதை உறிஞ்சி எடுத்தேன். பிள்ளை கண்ணைத் திறந்து என்னையே பார்த்தது. நான் யார் என்று அதற்குத் தெரியவில்லை. இவள் அப்பன் என் புருஷனைக் கொல்லப் பார்த்தவன் என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்லிக்கொண்டே துடைத்தேன். பழகிய கை, அது தன்பாட்டுக்கு மெதுவாகப் போனது. மறுபடி நேரம் ஆனபோது மறுபடி போனேன். வேறு ஆளைப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பிள்ளைக்கு நிமோனியா வரவில்லை. மூச்சு திரும்பியது. பெட்டியில் இருந்தே, துருத்தி விட்ட காற்றில், தாய் சொல்லிக் கொடுத்திருப்பாள் போல, "சித்தி" என்றது. நான் உதட்டுக்குக் கிளிசரின் தடவினேன். இப்போது லில்லி ஒரு காலை இழுத்து நடக்கிறாள். உங்களோடு அந்தப் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆசீர்வாதம் விடுதலையாகி எங்கள் வீட்டுக்கு வந்தார். நரைத்து, ஒடுங்கிப்போயிருந்தார். "எம் பிள்ளைய ஒன் கையால..." என்று தொடங்கினார். என் கணவர், "உக்காருண்ணே" என்று கட்டிலைக் காட்டினார்.

நான் வாசலில் நின்று சொன்னேன். "ஒமக்காகச் செய்யல. ஒம்ம முகத்தப் பாத்தா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டு வருது." உள்ளே போய்விட்டேன். அவருக்கு ஒரு செம்புத் தண்ணீரும் கொடுக்கவில்லை.

சபையாரே, பகையோடு ஜெபித்தால் கர்த்தர் கேட்கமாட்டார் என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. என்னுடையதைக் கேட்டார். நான் நியாயம் கேட்டேன், நியாயத்தைக் கொடுத்தார். அதோடு என் கைக்கு ஒரு வேலையும் கொடுத்தார். அந்த வேலையைக் கொண்டு அந்தப் பிள்ளையையும் என்னிடம் கொண்டுவந்தார். இதை நான் கேட்கவில்லை. அவராகச் செய்தார்.

அவனை மன்னித்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் மன்னிக்க வேண்டும் என்ற ஆசையையாவது எனக்குக் கொடும் என்று போன கோயில் பெருநாளிலிருந்து கேட்க ஆரம்பித்திருக்கிறேன். இன்னும் வரவில்லை. முன்பு கேட்டதை எல்லாம் தந்தவர் இதையும் தருவார் என்று காத்திருக்கிறேன். உங்களில் யாராவது நெஞ்சில் நெருப்போடு இங்கே உட்கார்ந்திருந்தால், அதை அணைத்துவிட்டுத்தான் முழங்கால்போட வேண்டும் என்று நினைக்காதீர்கள். அப்படியே வாருங்கள். என்னை அவர் அப்படித்தான் சேர்த்துக்கொண்டார். எனக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.